எடுத்துட்டுப் பாரு

எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள் அவர் செய்த முதல் வேலை, வாசலில் இருந்த அழைப்பு மணியைக் கழற்றியது.

"என்னக்கா, ரிப்பேரா?" என்று கேட்டேன். ஸ்டூல் மேல் நின்றபடி, திருகாணியை உதட்டில் கவ்விக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். இறங்கி வந்த பிறகுதான் பதில்.

"நல்லாத்தான் இருக்குது. எடுத்துட்டுப் பார்க்கலாம்னு."

"எடுத்துட்டு என்ன பார்க்கப் போறீங்க?"

"இது இல்லாம ஆபீஸ் நிக்குதான்னு."

மூன்று நாள் நின்றது. வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் தெருவிலிருந்தே கத்தினார். நாலாம் நாள் கூரியர்காரர் வந்து, இரண்டு தட்டு தட்டி, மின்விசிறிச் சத்தத்தில் எங்களுக்கு அது கேட்காமல், 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு, நாங்கள் ஆறு வாரமாகக் காத்திருந்த பார்சலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அலுவலகத்தை நடத்தும் சாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "ஏம்மா, இது ஆபீஸா, ஆசிரமமா? எல்லாத்தையும் துறக்கறதுக்கு?"

அவர் ஸ்டூலை எடுத்துப் போனார். மணியைப் பழைய இடத்தில் மாட்டினார். ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "வேணும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். தப்புப் பண்ணிவிட்டோம் என்ற வருத்தம் முகத்தில் துளியும் இல்லை. ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

இப்போது அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார். பெயரை எழுதப் போவதில்லை. பெயரை எடுத்துவிட்டாலும் நிற்கிறாரா என்று பார்க்கலாம்.

அந்தப் பார்சலில் இருந்தவை உள்ளங்கை அகலக் கணினி போர்டுகள் நான்கு. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து சேர்ந்தன. எங்கள் நாலு பேருடைய பிழைப்பும் அவற்றை நம்பித்தான் இருந்தது.

செங்கம் ரோட்டில் ஒரு காபி கடைக்கும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிக்கும் நடுவில் இருந்த மாடி வீடுதான் அலுவலகம். சார், முரளி, நான், கடைசியாக வந்து சேர்ந்த அவர். கிராம நூலகங்களுக்கு மலிவான கணினி செய்து தரும் வேலைக்குச் சார் விண்ணப்பித்திருந்தார். போர்டுகளில் இருந்தது புது வகை புராசசர். விலை கம்மி, கரண்டும் கம்மி. ஒரே சிக்கல், நாங்கள் பயன்படுத்துகிற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அந்தப் புராசசரின் மொழி தெரியாது. அதிலிருக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் மூலத்திலிருந்து எடுத்து, புதிய புராசசருக்குப் புரிகிற மாதிரி மறுபடி தயாரிக்க வேண்டும். எல்லாவற்றையும் செய்ய ஆயுசு போதாது என்பதால் முதலில் அடிப்படை மட்டும். மெஷின் கண் விழிக்க, வந்திருப்பது யார் என்று கேட்க, ஃபைலைத் திறக்க, மிச்சத்தைத் தானே ஏற்றிக்கொள்ள என்னென்ன வேண்டுமோ அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பரீட்சை உண்டு. வேங்கிக்காலில், விண்ணப்பத்தைப் பார்க்கும் அரசாங்கக் குழுவின் முன்னால், அவர்கள் எடுத்துத் தரும் காலி போர்டில், எங்கள் பென் டிரைவிலிருந்து, இன்டர்நெட் இல்லாமல், ஒரே தடவையில் ஏற்றிக் காட்ட வேண்டும். ஏறினால் அலுவலகம் இருக்கும். ஏறாவிட்டால் சார் அலுவலகத்தை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விடுவார். முரளி கைக்குழந்தையை இங்கே விட்டுவிட்டு பெங்களூருக்குப் போவான். நான் மறுபடி சென்னைக்குப் போய், பெருங்குடியில் நாலு கட்டில் போட்ட ஹாஸ்டல் அறையில் ஜன்னலோரக் கட்டிலுக்குச் சண்டை போடுவேன். மூன்று வருடம் அப்படி இருந்துவிட்டு வந்தவள் நான். சொந்த ஊரில், மத்தியானம் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, படித்த படிப்புக்கு ஏற்ற வேலை பார்ப்பது நடக்கிற காரியம் என்று அப்போதுதான் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அடிப்படையில் எவை இருக்க வேண்டும் என்ற பட்டியல் என் பொறுப்பு. பட்டியல் போடுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள வியாதி. வரிசை எண், பெயர், அளவு, முடிந்ததும் ஒரு டிக் என்று நாலு பத்தி போட்டு, நூற்றுத் தொண்ணூற்றாறு வரி எழுதி வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்தார். தலைப்பு: 'எதுக்கு'.

அன்றிலிருந்து தினமும் பஞ்சாயத்து. நான் சேர்ப்பேன், அவர் எடுப்பார். ஒவ்வொரு புரோகிராமையும் கழற்றிவிட்டு மெஷினை எழுப்புவார். எழுந்தால் அந்த வரி காலி. எழாவிட்டால் "வேணும்" என்று திருப்பி வைப்பார். வாக்குவாதம் என்பதே கிடையாது. கழற்றிப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்வதை அவர் கெட்ட பழக்கமாக நினைத்தார்.

அந்தப் பட்டியலில் நான் விளையாட்டாக ஒன்று சேர்த்திருந்தேன். என் கையால் எழுதிய குட்டி புரோகிராம். எல்லாம் ஏறி முடிந்த பிறகு திரையில் ஒரே ஒரு வரி காட்டும்: 'முடிஞ்சது. டீ குடிச்சிட்டு வாங்க.'

"இது எதுக்கு?" என்றார்.

"சும்மாதான்கா. இருக்கட்டுமே. பார்க்கிறவங்களுக்கு ஒரு சந்தோஷம்."

"சும்மான்றதெல்லாம் ஒரு காரணமா? எடுத்துட்டா நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்."

"அப்ப எடு."

எடுத்தேன். அடுத்த வாரம் அவர் லீவில் இருந்தபோது மறுபடி சேர்த்தேன். வந்ததும் கண்டுபிடித்து எடுத்தார். மூன்றாம் முறை நடுவில் காலியாகியிருந்த ஒரு வரியில் ஒளித்துவைத்தேன். வரிசை எண்கூட மாறவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கையில், "எண்பத்தி நாலு, டீ" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அவர் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமம். தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கும் சமணக் குடும்பம். இருட்டுவதற்குள் வீட்டில் சாப்பாட்டை முடிக்க வேண்டும் என்பதால் நாலு மணிக்கெல்லாம் பையை எடுத்துவிடுவார். "அதான் அக்கா இப்படி. அவங்க மதத்துலயே எல்லாத்தையும் விடச் சொல்லியிருக்கு" என்று முரளி ஒரு நாள் பெரிய ஆராய்ச்சி முடிவைச் சொன்னான். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"எங்க வீட்டுக்கு வந்து பாருப்பா. எங்கம்மா காலி எண்ணெய் டப்பா ஒண்ணு விடாம பரண் மேல சேர்த்து வெச்சிருக்காங்க. அவங்களும் அதே மதம்தான். இது என்னோட கிறுக்கு. இதுல மகாவீரரை இழுக்காத."

கிறுக்கு என்றால் கிறுக்குத்தான். கீழே காபி கடைக்கு ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வருவார். வெள்ளைப் புடவை, நாலு துணிப் பை. எல்லாவற்றையும் விட்டுவிடப் பழகுவதற்காக இந்த ஊருக்கு வந்திருப்பதாக எங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இவர் ரொம்ப மரியாதையாக, முதல் பையைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். உட்காரும் மெத்தை. இரண்டாவது? மூலிகைத் தூள். மூன்றாவது? மற்ற இரண்டு பையையும் துவைக்கிற சோப்பு. நாலாவது பைக்கு வரும்போது அந்தப் பெண்மணியே சிரித்துவிட்டார். மறுநாள் இரண்டு பையோடு வந்தார். அதற்கடுத்த நாள் மெத்தைப் பையும் திரும்ப வந்துவிட்டது. 'இடுப்பு வலி' என்று சைகையில் காட்டினார். இவர் என்னைப் பார்த்து, "வேணும்" என்றார்.

ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். அம்மா வைத்த ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குதும்மா. பெருங்காயம் இல்லாம வெச்சுப் பார்த்திருக்கீங்களா?" என்றார். அவர் வாயில் அது பாராட்டு. அம்மாவுக்கு அது புரியவில்லை. சாயங்காலம் என்னிடம், "அடுத்த தடவை உங்கக்கா வந்தா தட்டையும் எடுத்துட்டுச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லு" என்றாள்.

ஒரு பௌர்ணமி விடியற்காலையில் நாலு பேருமாகக் கிரிவலம் போனோம். பர்ஸ் வேண்டாம், போன் வேண்டாம் என்று இரண்டையும் அலுவலக மேசையில் வைத்துவிட்டு வந்தார். பாதி வழியில் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. நானும் முரளியும் ஒவ்வொரு லிங்கத்தின் வாசலிலும் நின்று தேடி, மைக்கில் சொல்லலாமா என்றுகூட யோசித்து, வேர்த்து விறுவிறுத்து அலுவலகத்துக்கு வந்தால், படியில் உட்கார்ந்து கால் விரல்களை நீவிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா நீங்க! போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. வழி தவறிப் போயிருந்தா?" என்றான் முரளி.

"மலை எப்பவும் வலது கைப் பக்கம் இருக்குதுப்பா. வேற என்ன வேணும்?"

பட்டியல் இளைத்துக்கொண்டே வந்து நூற்றெட்டில் நின்றது. சார் குஷியாகிவிட்டார். "நூத்தியெட்டும்மா! அப்படியே நிறுத்திடுங்க. இதுக்கு மேல கை வெக்காதீங்க, நல்ல நம்பர்." மறுநாள் காலை அது நூற்றேழு. சார் ஒரு நாள் முழுக்க அவரிடம் பேசவில்லை.

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. நூற்றேழு வரிக்கும் டிக் போட்டாகிவிட்டது. நான் நிம்மதியாக இருந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புதுப் புராசசருக்கான புரோகிராம்களை எங்கள் பழைய கணினியிலேயே ஓட்டிப் பார்க்க வழி உண்டு. உள்ளே ஒரு மொழிபெயர்ப்பாளர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். எங்கள் தெரு ஆட்டோக்காரர்கள் ரஷ்யக்காரருக்கும் பூக்கார அம்மாவுக்கும் நடுவில் நின்று, இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள்போலப் பேச்சை முடித்துவைப்பார்கள் இல்லையா, அப்படி. இது வசதியான ஏற்பாடு. போர்டில் ஏற்றி ஒவ்வொன்றாகச் சோதிக்க அரை நாள் ஆகும் என்பதால் நாங்கள் பெரும்பாலும் இவரை வைத்தே சோதித்துவந்தோம். அவ்வப்போது போர்டை எழுப்பிப் பார்த்தபோதும் பழைய கணினியை ஒயர் போட்டுத் துணைக்கு வைத்திருந்தோம்.

"இந்த ஆட்டோக்காரரை எடுத்துட்டுப் பார்க்கலாம்" என்றார் அவர்.

பழைய கணினியின் ஒயர்களைப் பிடுங்கி, அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை மேடையில் வைத்தார். காலி போர்டில் பென் டிரைவைச் செருகினார். ஒவ்வொன்றாக ஏறியது. பதினெட்டு வரை சரசரவென்று போயிற்று. பத்தொன்பதில் நின்றது. 'இந்த ஃபைலை ஓட்ட முடியாது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கப்புறம் வெறும் கருப்பு.

"பத்தொம்பது எது?"

பட்டியலைத் திறந்தேன். சுருக்கிக் கட்டிய ஃபைல் பொட்டலங்களைப் பிரிக்கிற புரோகிராம். முதல் பதினெட்டையும் பென் டிரைவே பிரித்துக் கொடுத்துவிடும். அதற்கப்புறம் மெஷின் தன் கையால் பிரித்துக்கொள்ள வேண்டும். இதுதான் அந்தக் கை. எதிரே அழகாக ஒரு டிக் இருந்தது. போட்டவள் நான்.

போட்ட நாளும் ஞாபகம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. அந்தப் புரோகிராமுக்குள் தனக்குத் தெரிந்த புராசசர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. எங்களுடையது அதில் இல்லை. 'நீ யாரென்று தெரியாது' என்று சொல்லி, மறுபடி தயாராவதற்கே மறுத்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று, பழைய கணினியில் இருந்த பழைய மொழிப் புரோகிராமையே எடுத்துத் தற்காலிகமாக உள்ளே வைத்தேன். வைத்ததும் கை தானாக டிக் போட்டுவிட்டது. திங்கட்கிழமை பட்டியலைப் பார்த்தேன், டிக் இருந்தது. டிக் இருந்தால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய கணினியில் பழைய புரோகிராம் ஓடாமல் என்ன செய்யும்? அத்தனை சோதனையிலும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

நான் அழுகிற ரகம் இல்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன். வேங்கிக்காலில், குழுவின் எதிரில், பத்தொன்பதில் இது நின்றிருந்தால் என்று நினைத்தபோது ஹாஸ்டல் கட்டிலின் இரும்பு வாசனையே வந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, பட்டியலைப் பார்த்தார். "டிக்கை எடுத்துட்டுப் பாரு" என்றார்.

"பத்தொம்பதுலயா?"

"எல்லாத்துலயும்."

"அக்கா, நூத்தியேழு இருக்குது!" என்று முரளி அலறினான். "என் குழந்தைக்கு அதுக்குள்ள பல்லே முளைச்சுடும்."

"முளைக்கட்டும், நல்லதுதான."

நூற்றேழு டிக்கையும் அழித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கொடூரமான காரியம் அதுதான். முதலில் பத்தொன்பதை எடுத்தோம். அதன் மூல ஃபைலே, அந்தப் புரோகிராம் மட்டுமே பிரிக்கக்கூடிய பொட்டலமாக வந்திருந்தது. "சாவியை உள்ளேயே வெச்சுப் பூட்டியிருக்காங்கக்கா" என்றான் முரளி. அவர் எழுந்துபோய்ச் சமையலறையிலிருந்து பழைய கணினியைத் தூக்கி வந்தார். "பிரிக்கறதுக்கு மட்டும் இது வேணும்." அதில் பிரித்து, எங்கள் புராசசரை அதன் பட்டியலில் சேர்த்து அறிமுகப்படுத்தி, மறுபடி தயாரித்து, போர்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு டிக் போட இரண்டு நாள் ஆனது. மற்றவற்றையும் அதேபோல ஒவ்வொன்றாகப் பார்த்தபோது இன்னொரு பழைய மொழிக்காரர் மாட்டினார். அது முரளி வைத்தது. அன்று சாயங்காலம் எனக்கு மட்டும் ஒரு சமோசா வாங்கி வந்து வைத்தான்.

பரீட்சைக்கு முந்தின நாள் நாலு மணிக்கு, பையை மாட்டிக்கொண்டே, தயார் செய்த பென் டிரைவை என் மேசையில் வைத்தார். "நாளைக்கு நான் வரல."

"விளையாடாதீங்கக்கா."

"நான் பக்கத்துல இருந்தா, என்னால நிக்குதா, தானா நிக்குதான்னு தெரியாது இல்ல?"

"அதை நாளைக்குத்தான் பார்க்கணுமா? எங்க பொழைப்புக்கா அது!"

"என் பொழைப்பும்தான்" என்றார். சேத்துப்பட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டேன். வேறு எதைக் கழற்றுவது என்று தெரியவில்லை.

வேங்கிக்காலில் மாடியில் ஒரு நீள அறை. மூன்று பேர் குழு. நடுவில் இருந்த அம்மா சிரிக்காத முகத்தோடு, உறை பிரிக்காத டப்பாவிலிருந்து போர்டை எடுத்து எங்கள் முன் வைத்தார். "ஆரம்பிங்க. நடுவுல நிறுத்தக் கூடாது."

பென் டிரைவைச் செருகினேன். திரை விழித்தது. ஏற்ற வேண்டியவை மொத்தம் எத்தனை என்று முதல் வரியில் வந்தது.

நூற்றெட்டு.

நூற்றேழு என்று நானே எழுதிய பட்டியல். நானே இரண்டு முறை டிக் போட்டது. இந்த ஒன்று எங்கிருந்து வந்தது? பழைய மொழிக்காரன் எவனாவது எங்கள் கண்ணில் படாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறானா? நிறுத்தவும் முடியாது. முரளியைப் பார்த்தேன். அவனும் திரையின் முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். சார் மட்டும் என் காதருகே குனிந்து, "நூத்தியெட்டுக்கே கொண்டுவந்துட்டீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

பத்தொன்பது தாண்டியது. ஐம்பது. எண்பத்து நாலு. ஒவ்வொரு எண்ணிலும் இதுதானோ, இதுதானோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றேழும் ஏறிவிட்டது. நூற்றெட்டில் ஒரு கணம் திரை அசையவில்லை. பிறகு எல்லாம் மறைந்து ஒரே ஒரு வரி வந்தது.

'முடிஞ்சது. டீ குடிச்சிட்டு வாங்க.'

அந்த அம்மா கண்ணாடியை இறக்கி அதை மறுபடி படித்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "பரவாயில்லையே, மரியாதை தெரிஞ்ச மெஷினா இருக்குது." பென் டிரைவை எடுக்கச் சொன்னார். கரண்டை நிறுத்தி மறுபடி போடச் சொன்னார். போர்டு யார் துணையும் இல்லாமல் எழுந்து, வந்திருப்பது யார் என்று கேட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்குச் சர்க்கரை கம்மி" என்றார், நிஜமாகவே டீ சொல்லி அனுப்பி.

அலுவலகத்துக்குத் திரும்பியதும், தள்ளிப் போட்ட நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டேன். பட்டியலைத் திறந்து கடைசிக்குப் போனேன். முந்தின நாள் வரை இல்லாத ஒரு வரி அங்கே இருந்தது. வரிசை எண் நூற்றெட்டு. பெயர், டீ. அளவு, ரொம்பக் கம்மி. டிக் போடாமல் எனக்காக விட்டிருந்தார். 'எதுக்கு' என்ற பத்தியில் மட்டும் ஒரு சொல் எழுதியிருந்தார்.

'சும்மா.'